மிதிவண்டி வீரர் மோரிஸ் காரின்

இத்தாலி நாட்டின் வடமேற்கு எல்லையில், ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மடியில் ஆர்வியே என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1871ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3ஆம் நாள் மோரிஸ் காரின் பிறந்தார். அவருடைய பெற்றோர்க்கு மக்கள் ஒன்பதின்மர். விளைநிலமோ குறைவு. ஆதலால் அக்குடும்பம் பிழைப்புத் தேடி மலை கடந்து பிரான்சு நாட்டை அடைந்தது. அப்போது காரினுக்கு அகவை 14.

குளிர்நாடுகளில் வீடுதோறும் கணப்பு அடுப்பு இருக்கும். அதன் புகை வெளியேறும் புகைபோக்கியில் கரி படியும். அதனைச் சுரண்டித் துப்புரவு செய்யாவிடில் தீப்பற்றும். குறுகிய அவ்வழியில் நுழைந்து ஏறுவதற்குச் சிறுவர்களே ஏற்றவர் என்று அக்காலத்தார் கருதினர். காரினும் அவ்வேலையையே செய்தார். பகல் முழுதும் கரியில் உழன்றார். மூச்சுடன் புகைத்தூளும் உட்சென்றது. உருவத்தால் சிறியவராகிய அவரைப் பின்னாளில் புகழ் வந்தபோதும் மக்கள் சின்னப் புகைபோக்கிக்காரர் என்றே அழைத்தனர். அப்பெயரைக் குறித்து அவர் நாணியதில்லை.

வடபிரான்சின் மொபேஜ் நகரில் வாழ்ந்த காலத்தில், 1889ஆம் ஆண்டு, தாம் சேர்த்த பொருளில் 405 பிராங்கு கொடுத்து ஒரு மிதிவண்டி வாங்கினார். போட்டியில் வெல்வது அன்று அவர் எண்ணமன்று. ஆயினும் ஊர்த்தெருக்களில் அவர் வண்டி பறந்த விரைவைக் கண்டோர் அவரைப் பித்தர் என்றனர். அவ்விரைவே அவரைப் பந்தயத்திற்கு அழைத்துச் சென்றது.

ஒருமுறை அருகிலுள்ள ஊரொன்றில் நடந்த பந்தயத்தில், அவர் தொழில்முறை வீரர் அல்லர் எனக் கூறி அமைப்பாளர் இடமளிக்க மறுத்தனர். வீரர் அனைவரும் புறப்படும் வரை காரின் காத்திருந்தார். பின்னர்த் தம் வண்டியில் ஏறி அவர்களைத் துரத்தினார். எல்லாரையும் முந்தி எல்லையை அடைந்தார். அமைப்பாளர் பரிசு தர மறுக்கவே, கண்டு மகிழ்ந்த மக்கள் தமக்குள் பொருள் திரட்டி, பரிசைப்போல் இருமடங்கு வழங்கினர் என்பர்.

அதன்பின் வெற்றிகள் தொடர்ந்தன. பாரிசு நகரிலிருந்து ரூபே நகர் வரை நடைபெறும் புகழ்பெற்ற பந்தயத்தில் 1897, 1898 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அவரே முதல்வர். 1901இல் பாரிசிலிருந்து பிரெஸ்ட் சென்று மீளும் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர்ப் பந்தயத்தையும் வென்றார். அவ்வாண்டே பிரான்சு அவரைத் தன் குடிமகனாக ஏற்றது.

1903ஆம் ஆண்டு, லோட்டோ என்னும் நாளிதழ் பிரான்சு நாட்டையே சுற்றிவரும் பந்தயம் ஒன்றை அறிவித்தது. அதுவே டூர் டி பிரான்ஸ். ஜூலை முதல் நாள், பாரிசுக்கு அருகிலுள்ள மோன்ஜெரோன் ஊரின் உணவுவிடுதி ஒன்றின் முன்னிருந்து 60 வீரர் புறப்பட்டனர். மொத்தத் தொலைவு 2,428 கிலோமீட்டர். அது ஆறு கட்டங்களாகப் பகுக்கப்பட்டிருந்தது. முதற்கட்டம் மட்டும் பாரிசு தொடங்கி லியோன் வரை 467 கிலோமீட்டர். வீரர் இரவெல்லாம் வண்டி ஓட்டினர்.

சாலைகள் தார் காணாதவை. வெயிலில் புழுதி எழும், மழையில் சேறாகும். ஏற்றத்திற்கும் இறக்கத்திற்கும் ஒரே பற்சக்கரம். சக்கரத்தில் காற்று இறங்கினால் வீரரே இறங்கிச் சரிசெய்தல் வேண்டும்; அதற்கென மாற்றுருளைகளைத் தோளில் மாலைபோல் சுற்றியிருந்தனர். பாதையின் பெரும்பகுதி அலைபோல் மெல்ல ஏறி இறங்கும் நாட்டுப்புறம். கோதுமை வயல்களையும் கொடிமுந்திரித் தோட்டங்களையும் கடந்தால் ஒரு தேவாலயக் கோபுரம் தோன்றும். அதனடியில் ஒரு சிற்றூர் இருக்கும். அதுவரை செய்தித்தாளில் மட்டும் பந்தயத்தைப் படித்த சிற்றூர் மக்கள், இப்போது தம் வீட்டு வாயிலிலேயே அதனைக் கண்டனர்.

முதற்கட்டத்தை வென்ற காரின், இறுதிக் கட்டங்கள் இரண்டையும் வென்றார். 19 நாள்களுக்குள் பந்தயம் முடிந்தது. 60 பேரில் 21 பேரே இறுதிவரை வந்தனர். இரண்டாம் வீரரைவிட ஏறத்தாழ மூன்று மணி நேரம் முன்னதாகக் காரின் முடித்தார். அத்துணைப் பெரிய இடைவெளியில் அப்பந்தயத்தை இன்றுவரை எவரும் வென்றதில்லை. கரிபடிந்த சிறுவனாக எல்லை கடந்து வந்தவர், முதல் டூர் டி பிரான்சின் வெற்றியாளரானார்.

அடுத்த ஆண்டு அப்புகழுக்குச் சோதனை வந்தது. 1904ஆம் ஆண்டுப் பந்தயத்தில் ஒழுங்கு குலைந்தது. சாலையில் ஆணிகள் தூவப்பட்டன. சேன்ட் எத்தியேன் நகருக்கு அருகே, தம் ஊர் வீரரே வெல்லவேண்டும் என விரும்பிய கூட்டம் ஒன்று இருளில் மற்ற வீரரைத் தாக்கியது. காரினும் அடிபட்டார். அக்கூட்டத்தைக் கலைக்க அலுவலர் வானை நோக்கிச் சுடவேண்டியதாயிற்று. ஆயினும் காரினே மீண்டும் முதல்வராகப் பாரிசு சேர்ந்தார்.

அவ்வெற்றி நிலைக்கவில்லை. வீரர் பலர் விதிகளை மீறினர் எனக் குற்றச்சாட்டுகள் எழுந்தன. ஆண்டிறுதியில் நாட்டின் மிதிவண்டிச் சங்கம் விசாரணையை முடித்து, முதல் நால்வரின் வெற்றிகளையும் நீக்கியது. அவர்களுள் காரினும் அவர் தம்பி சேசாரும் இருந்தனர். காரினுக்கு இரண்டாண்டுத் தடை விதிக்கப்பட்டது. ஐந்தாமவராக வந்த ஆன்றி கோர்னே என்னும் இளைஞர் வெற்றியாளராக அறிவிக்கப்பட்டார்.

காரின், நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த லான்ஸ் நகரில் வண்டிப் பணிமனை நடத்தி வாழ்ந்தார். 1911இல், 40ஆம் அகவையில், தாம் முன்னர் வென்ற பாரிசு-பிரெஸ்ட் பந்தயத்தில் மீண்டும் கலந்துகொண்டு பத்தாமவராக வந்தார். 1957ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19ஆம் நாள் லான்ஸ் நகரிலேயே மறைந்தார்.

இன்றும் டூர் டி பிரான்ஸ் வெற்றியாளர் பட்டியலில் 1903ஆம் ஆண்டிற்கு நேரே காரின் பெயர் முதலாவதாக நிற்கிறது. 1904ஆம் ஆண்டிற்கு நேரே அப்பெயர் இல்லை. அவர் வாழ்வின் உயர்வையும் சறுக்கலையும் அடுத்தடுத்த அவ்விரு வரிகளே உரைக்கின்றன.

சொற்பொருள்
அகவை – வயது
திங்கள் – மாதம்
கணப்பு – குளிர்காயும் நெருப்பு
உழன்றார் – வருந்தி உழைத்தார்
கொடிமுந்திரி – திராட்சை

விடை எழுதுக
1. காரினின் குடும்பம் பிறந்த ஊரை விட்டுச் சென்றது ஏன்?
2. 1903ஆம் ஆண்டு வீரர் எதிர்கொண்ட இடர்களுள் மூன்றினைக் கூறுக.
3. 1904ஆம் ஆண்டு வெற்றி காரினிடமிருந்து ஏன் நீக்கப்பட்டது?
4. முதலில் வந்து சேர்வதும் முறையாக வெல்வதும் ஒன்றா? பாடத்தைக் கொண்டு ஐந்து வரிகளில் எழுதுக.