வெளிவராத சித்திராவளி

தென்காசியிலிருந்து அம்பாசமுத்திரம் செல்லும் சாலையில் கடையம் என்றோர் ஊர் இருப்பதை இம்மலரைப் படிக்கும் அன்பர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பாரதியாரின் பொருட்டு நாம் அங்கே போகிறோம். நித்தியகல்யாணி அம்மன் சந்நிதியில் நிற்கிறோம். அவர் பாடல்கள் சிலவற்றைப் பாடிவிட்டுத் திரும்புகிறோம். அவருக்கு இருந்த இன்னொரு காதலைப் பற்றி அங்கே எவரும் பேசிக் கேட்டதில்லை. படங்களின்மீது அவர் கொண்ட காதல் அது.

நம் வட்டத்தின் கூட்டம் ஒன்றில் படக்கதை இலக்கியமாகுமா என்ற பேச்சு எழுந்தது. கவிஞர் ஒருவர் (பெயர் வேண்டாம், இம்மலரிலும் எழுதியிருக்கிறார்) அதைச் சிறுபிள்ளைச் சமாசாரம் என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார். நான் மறுமொழி சொல்லவில்லை. தென்காசிக் கடைகளில் கயிற்றில் தொங்கிய படக்கதைப் புத்தகங்களுக்காகத் தின்பண்டக் காசைச் சேர்த்தவன் நான். என் சாட்சியம் எடுபடாது. ஆகவே பாரதியாரையே சாட்சிக்கு அழைக்கிறேன்.

1882 டிசம்பர் 11இல் எட்டயபுரத்தில் பிறந்தார். ஐந்து வயதில் தாயை இழந்தார். 1897இல் கடையத்துச் செல்லம்மாளை மணந்தார். மறு ஆண்டு தந்தையும் மறைந்தார். பிறகு காசிவாசம், எட்டயபுரம் அரண்மனைப் பணி, 1904இல் மதுரையில் சில மாதத் தமிழாசிரியர் வேலை, அவ்வாண்டின் இறுதியில் சென்னையில் ‘சுதேசமித்திரன்’. இவை பள்ளிப் பாடத்திலேயே வருவன. நம் கதை 1906இல், ‘இந்தியா’ வார இதழில் தொடங்குகிறது.

அன்றைய தமிழ் இதழ் ஒன்றை மனக்கண்ணில் கொண்டுவந்து பாருங்கள். எழுத்து, எழுத்து, மேலும் எழுத்து; பத்தி பத்தியாக நீளும் ஈய அச்சு. லண்டனில் 1841 முதல் ‘பஞ்ச்’ இதழ் கேலிச் சித்திரங்களால் அமைச்சர்களை நகைத்து வந்தது. பம்பாயில் அதன் வழியில் ‘ஹிந்தி பஞ்ச்’ தோன்றியிருந்தது. தமிழில் அரசியலைப் படமாக்கிக் காட்டும் துணிவு எவருக்கும் வந்திருக்கவில்லை. அதைச் செய்த முதல் பத்திரிகாசிரியர் பாரதியார். அதுவும் உள்பக்கத்து மூலையில் அன்று. இதழின் முகப்பிலேயே படத்தை நிறுத்தினார்.

இது எளிய காரியமன்று. படத்தை வரைவிக்க வேண்டும். அதைக் கட்டையில் செதுக்கியோ உலோக பிளாக் செய்தோ எழுத்துகளோடு பொருத்தி அச்சேற்ற வேண்டும். வாரந்தோறும் இதற்குப் பொழுதும் பணமும் செலவாகும். கையில் காசு தங்காத மனிதர் இந்தச் செலவை விடாப்பிடியாகச் செய்வித்தார் என்றால், அதனை ஆசை என்றல்லாமல் வேறு எந்தப் பெயரால் சொல்வது? அவர் தூரிகை பிடித்தவர் அல்லர். கருத்து அவருடையது, கோடு ஓவியருடையது. படத்தோடு அதற்குரிய விளக்கமும் அச்சாகும். கவிதைக்கு உரை எழுதுவது நம் மரபு. படத்துக்கு உரை எழுதியவர் பாரதியார்.

ரசிகர் என்ற சொல்லுக்கு ரசிகமணி டி.கே.சி.யால் தனிப்பொருள் பெற்ற வட்டாரம் நம்முடையது. கவிதையை எப்படிச் சுவைப்பது என்பதை அவர் குற்றாலத்தில் அமர்ந்து காட்டினார். அதற்கு முன்பே, படத்தின் ரசிகராக ஒரு பெருங்கவிஞர் இருந்திருக்கிறார் என்பதை நாம் கவனிக்காமல் விட்டோம்.

1907 இறுதியில் சூரத் காங்கிரசு பிளந்தது. பாரதியாரும் அங்கே சென்றிருந்தார். 1908இல் வ.உ.சி. சிறைப்பட்டார், திலகர் நாடு கடத்தப்பட்டார். ‘இந்தியா’வின் ஆசிரியராகச் சட்டப்படி பெயர் பதிந்திருந்த சீனிவாசன் கைதாகித் தண்டனை பெற்றார். பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார். (அந்தச் செயலைப் பற்றிய வாதங்களை இங்கே மீண்டும் கிளறப் போவதில்லை.) அவ்வாண்டு அக்டோபரில் இதழ் அங்கிருந்து மறுபடி வெளிவந்தது. ஊர் மாறிற்று, அச்சகம் மாறிற்று, படங்கள் நிற்கவில்லை.

புதுவைப் படங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 1909இல் தென்னாப்பிரிக்காவில் போராடிக்கொண்டிருந்த காந்தியை இந்நாட்டில் அறிந்தவர் சிலரே. பாரதியார் அவரைப் பசுவாகவும், டிரான்ஸ்வால் அரசைப் புலியாகவும் காட்டிப் படம் வெளியிட்டார். கன்றுக்குப் பாலூட்டிவிட்டு வருகிறேன் என்று புலியிடம் சொல்லிச் சென்று, சொன்னபடியே திரும்பி வந்த பசுவின் கதையை அறியாத பாட்டி உண்டா? அந்தக் கதைக்குள் காந்தியை அவர் நிறுத்தினார். பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதியும் விளங்கவைக்க முடியாத ஓர் அறத்தை, எழுத்தறியாத ஒருவர் திண்ணையில் அமர்ந்து ஒரு நொடியில் கண்டுகொண்டிருப்பார். ஒரு நல்ல உவமை வேறு என்ன செய்கிறது? கவிஞர்களாகிய நீங்களே சொல்லுங்கள்.

இந்த ஆசை வளர்ந்து, முழுதும் கருத்துப்படங்களே நிறைந்த ஓர் இதழைத் தொடங்கும் திட்டமாயிற்று. தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவர வேண்டிய அதற்குச் ‘சித்திராவளி’ என்று பெயரிட்டார். எவ்வளவு அழகான பெயர்! பெயர் மட்டுமே நமக்குக் கிடைத்தது. பிரிட்டிஷ் எல்லைக்குள் ‘இந்தியா’ நுழையத் தடை வந்தது. 1910 மார்ச்சில் அதுவே நின்றது. ‘விஜயா’, ‘கர்மயோகி’ முதலியனவும் ஒவ்வொன்றாக மறைந்தன. சித்திராவளி வெளிவரவேயில்லை.

என் துணிபு ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன், அறிஞர்கள் மறுக்கலாம். அச்சில் வழியடைபட்ட அந்தப் படங்கள் கவிதைக்குள் புகுந்தன. 1912இல் ‘பாஞ்சாலி சபத’த்தின் முதற்பாகம் வந்தது. அடிமைப்பட்ட நாட்டைத் துகிலுரியப்படும் பெண்ணாகவும், தலைகுனிந்து வாளாவிருக்கும் பெரியோரைச் சபையாகவும் காட்டும் அமைப்பு, முகப்புப் பக்கத்துக் கருத்துப்படத்தின் அமைப்பே அல்லவா? கண்ணனைச் சேவகனாக, சீடனாக, குழந்தையாக வேடம் மாற்றி மாற்றி நிறுத்திய கண்ணன் பாட்டிலும், ஒரே முகத்தை வெவ்வேறு கோலத்தில் வரையச் சொல்லும் பத்திரிகாசிரியரின் விளையாட்டு தெரிகிறது. இதழ்கள் நின்றிராவிட்டால் இக்காவியங்கள் இந்த உருவில் வந்திருக்குமா என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. அதற்காக அந்த இழப்பை நல்லதென்று சொல்ல மனம் வரவில்லை.

1918 நவம்பரில் புதுவையை விட்டு வெளியேறியவர் கடலூரில் கைதானார், டிசம்பரில் விடுதலை. திருநெல்வேலி மாவட்டத்துக்குள்ளேயே வசிக்க வேண்டும். எழுதுவதைப் போலீசாருக்குக் காட்டிய பின்னரே வெளியிட வேண்டும். இந்த நிபந்தனைகளோடு மாமனார் ஊரான கடையத்துக்கு வந்தார். 1919இல் சென்னை சென்றபோது காந்தியை நேரில் கண்டார். பத்தாண்டுகளுக்கு முன் தாம் பசுவாகத் தீட்டுவித்தவர் எதிரே அமர்ந்திருக்கிறார். சந்திப்போ சில நிமிடங்களில் முடிந்தது.

கடையத்தில் அவரிடம் பத்திரிகை இல்லை, அச்சகம் இல்லை, ஓவியர் இல்லை. ஆயினும் 1920இல் அங்கிருந்தே தம் எழுத்துகள் அனைத்தையும் நாற்பது நூல்களாகப் பதிப்பிக்கும் திட்டமொன்றை வகுத்து, அன்பர்களிடம் கடனாகப் பணம் கேட்டு எழுதினார். ஒவ்வொன்றிலும் பதினாயிரம் படிகள் அச்சிட வேண்டும் என்பது கணக்கு. மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்பதைவிட விரைவாகவும் சாதாரணமாகவும் தம் புத்தகங்கள் வீடுதோறும் விலைபோகும் என்று நம்பினார். பணம் வந்து சேரவில்லை. அவ்வாண்டின் இறுதியில் மீண்டும் ‘சுதேசமித்திர’னுக்குப் போனார். 1921 செப்டம்பரில் சென்னையில் மறைந்தார். முப்பத்தொன்பது வயது நிறைந்திருக்கவில்லை.

அந்தத் தீப்பெட்டி என் மனத்தை விட்டு அகல்வதில்லை. அவர் மறைந்து அரை நூற்றாண்டு கழித்து, 1972 ஜனவரியில், தீப்பெட்டிக்கும் அச்சுத் தொழிலுக்கும் பேர்போன சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழ் வந்தது. ‘இரும்புக்கை மாயாவி’ என்ற ஆங்கிலப் படக்கதையின் தமிழாக்கம் அது. தீப்பெட்டி விற்ற பெட்டிக்கடைகளிலேயே அத்தகைய புத்தகங்களும் தொங்கின. சிறுவர்கள் அவற்றைக் கைக்குக் கை மாற்றிப் படித்தார்கள். அட்டை கிழிந்து, முனை மடங்கி, நான்கைந்து பெயர்கள் எழுதி அடிக்கப்பட்ட பிரதிகளாக அவை என் கைக்கும் வந்தன.

பாரதியாரின் படங்களோ நூலகங்களின் பழைய இதழ்க் கட்டுகளுக்குள் கிடந்தன. ஆ. இரா. வேங்கடாசலபதி 1994இல் அவற்றைத் தொகுத்து நூலாக்கினார். கூட்டத்தில் படக்கதையை ஒதுக்கிய நண்பர் வீட்டுக்கு அந்தத் தொகுப்பைக் கொண்டுபோனேன். நின்றபடியே வாங்கிப் புரட்டத் தொடங்கியவர் பிறகு நாற்காலியில் அமர்ந்தார். பசுவும் புலியும் இருக்கும் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். காபி ஆறிக்கொண்டிருந்தது.