வில்லியம் கோலி: காய்ச்சலைக் கொண்டு புற்றுநோயை எதிர்த்த வைத்தியர்

2018 ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு அமெரிக்கரான ஜேம்ஸ் அலிசனுக்கும் ஜப்பானியரான தசுகு ஹொன்ஜோவுக்கும் கூட்டாக வழங்கப்பட்டது. மனித உடலின் இயற்கையான எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிட்டு, அதன் மூலம் புற்றுநோய்க் கலங்களை அழிக்க முடியும் என்பதை நிலைநாட்டியமைக்காகவே அப்பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. சத்திரசிகிச்சை, கதிர்ச்சிகிச்சை, இரசாயன மருந்துச் சிகிச்சை என்பவற்றுக்கு அடுத்ததாக, நிர்ப்பீடனச் சிகிச்சை எனப்படும் நான்காவது வழி ஒன்று இன்று புற்றுநோயாளருக்குத் திறக்கப்பட்டுள்ளது. இதனை நவீன விஞ்ஞானத்தின் அண்மைக்காலச் சாதனை என்றே பலரும் கருதுகின்றனர். ஆனால், இதன் வேரைத் தேடிச் செல்வோமாயின் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் நியூயோர்க் நகரில் பணியாற்றிய வில்லியம் பிராட்லி கோலி என்ற சத்திரசிகிச்சை நிபுணரிடம் வந்து சேர்வோம். வாழ்ந்த காலத்தில் புகழையும் ஏளனத்தையும் ஒருங்கே சந்தித்த அவரது வாழ்க்கை, மருத்துவ வரலாற்றில் ஆழ்ந்து சிந்திக்கத்தக்க ஓர் அத்தியாயமாகும்.

1862 ஆம் ஆண்டு ஜனவரி 12 ஆம் திகதி அமெரிக்காவின் கொனெக்டிகட் மாநிலத்திலுள்ள வெஸ்ட்போர்ட் என்னும் இடத்தில் கோலி பிறந்தார். யேல் பல்கலைக்கழகத்தில் பயின்று 1884 இல் பட்டம் பெற்ற அவர், மேற்குக் கரையிலுள்ள போர்ட்லாண்ட் நகரில் இரண்டு ஆண்டுகள் பாடசாலை ஆசிரியராகக் கடமையாற்றினார். அதன் பின்னரே மருத்துவத்தின்பால் அவரது நாட்டம் சென்றது. 1888 இல் ஹார்வார்ட் மருத்துவக் கல்லூரியிலிருந்து வைத்தியராக வெளியேறிய அவர், நியூயோர்க் வைத்தியசாலையில் பயிற்சி பெற்று, சத்திரசிகிச்சையைத் தமது துறையாக வரித்துக்கொண்டார். மயக்க மருந்தும் கிருமி நீக்க முறைகளும் நடைமுறைக்கு வந்திருந்த அக்காலத்தில், எந்த நோயையும் கத்தியினால் வென்றுவிடலாம் என்ற நம்பிக்கை சத்திரசிகிச்சையாளர்களிடையே மேலோங்கியிருந்தது. இளைஞரான கோலியும் அந்த நம்பிக்கையுடனேயே தொழிலை ஆரம்பித்தார்.

அந்த நம்பிக்கையைத் தகர்த்தது ஒரு சிறு பெண்ணின் மரணமாகும். 1890 ஆம் ஆண்டு எலிசபெத் டாஷியல் என்ற 17 வயதுப் பெண் அவரிடம் சிகிச்சைக்காக வந்தார். புகையிரதப் பயணமொன்றின்போது அவரது வலக்கை ஆசனங்களுக்கிடையில் அகப்பட்டு நசுங்கியிருந்தது. சாதாரண காயமாகத் தோன்றிய அது ஆறவில்லை. வீக்கமும் வலியும் நாளுக்கு நாள் அதிகரித்தன. பரிசோதனையின் முடிவில், அது எலும்பையும் இணையங்களையும் பீடிக்கும் சார்க்கோமா என்ற கொடிய புற்றுநோய் எனத் தெரியவந்தது. அவ்வாண்டு நவம்பரில் முழங்கைக்குக் கீழே கை துண்டிக்கப்பட்டது. ஆயினும் நோய் அதற்குள்ளாகவே உடலெங்கும் பரவியிருந்தது. 1891 ஜனவரி 23 ஆம் திகதி அப்பெண் உயிரிழந்தார். அன்றைய மருத்துவத்தில் செய்யக்கூடிய அனைத்தையும் செய்தும் தம்மால் எதுவும் ஆகவில்லை என்ற உணர்வு 29 வயதான கோலியை ஆழமாக வருத்தியது. அப்பெண்ணைச் சகோதரியாகவே கருதிப் பழகிய இளைஞர் ஒருவரும் அந்த மரணத்தினால் பெரிதும் பாதிக்கப்பட்டார். அவர் பெருஞ்செல்வந்தரின் புதல்வரான இளைய ஜோன் டி. ரொக்பெல்லர். புற்றுநோய் ஆய்வுக்கு ரொக்பெல்லர் குடும்பம் பிற்காலத்தில் வாரி வழங்கியமைக்கு இந்தத் துயரமும் ஒரு காரணமாக அமைந்தது.

கவலையில் மூழ்கிக் கிடக்காமல் கோலி செய்த காரியம் எளிமையானது. வைத்தியசாலையின் பழைய பதிவேடுகளை எடுத்து, சார்க்கோமா நோயாளர்களின் விபரங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். மரணங்களே நிறைந்திருந்த அந்த ஏடுகளில் ஒரு பதிவு மட்டும் அவரை வியப்பில் ஆழ்த்தியது. பிரெட் ஸ்டெயின் என்ற ஜேர்மன் குடியேற்றவாசியின் கழுத்தில் ஏற்பட்ட கட்டி பலமுறை வெட்டியகற்றப்பட்டும் மீண்டும் மீண்டும் வளர்ந்திருந்தது. வைத்தியர்கள் கைவிட்ட நிலையில், அவருக்கு எரிசிபெலஸ் எனப்படும் தோல் தொற்று ஏற்பட்டது. ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்ற பக்ரீரியாவினால் உண்டாகி, தோலைச் செக்கச் சிவக்க வைத்துக் கடுங்காய்ச்சலைக் கொடுக்கும் இந்தத் தொற்று, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் இல்லாத அக்காலத்தில் உயிரையே பறிக்கக்கூடியது. ஆனால் ஸ்டெயினோ காய்ச்சலிலிருந்து மீண்டார். அவரது கழுத்துக் கட்டியும் மறைந்தது. அவர் குணமடைந்து வீடு சென்றதாகப் பதிவு முடிந்திருந்தது.

ஏட்டில் உள்ளதை மட்டும் நம்பிவிடக் கோலி தயாராக இருக்கவில்லை. கிழக்கு நியூயோர்க்கின் நெருக்கமான குடியிருப்புகளில் வீடு வீடாகத் தேடி, அம்மனிதரைக் கண்டுபிடித்தார். ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கழிந்த பின்னரும் ஸ்டெயின் நோயின் சுவடின்றி நலமாக வாழ்ந்துகொண்டிருந்தார். தற்செயலாக வந்த ஒரு தொற்று புற்றுநோயைப் போக்குமாயின், அதே தொற்றை வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்த்தால் என்ன என்ற வினா கோலியின் மனதில் எழுந்தது. இத்தகைய அவதானிப்பு அதற்கு முன்னரும் இருந்தது. ஜேர்மனியில் புஷ், பெலைசென் ஆகிய வைத்தியர்கள் ஏற்கனவே இத்திசையில் முயன்றிருந்தனர். ஆயினும் அம்முயற்சியைத் தொடர்ச்சியான சிகிச்சை முறையாக வளர்த்தெடுக்கத் தமது வாழ்நாளையே செலவிட்டவர் கோலிதான்.

1891 இல் சோலா என்ற இத்தாலியக் குடியேற்றவாசிக்கு இந்தச் சோதனை மேற்கொள்ளப்பட்டது. தொண்டையையும் கழுத்தையும் அடைத்திருந்த கட்டியினால் உணவு விழுங்கவும் இயலாது, வாழ்வின் இறுதி வாரங்களில் அவர் இருந்தார். உயிருள்ள கிருமிகள் பல தடவைகள் ஊசி மூலம் ஏற்றப்பட்டும் பெரிய மாற்றம் நிகழவில்லை. ஒக்டோபர் மாதத்தில் வீரியம் கூடிய புதிய கிருமிகள் ஏற்றப்பட்டதும் கடுமையான காய்ச்சல் கண்டது. நோயாளி இறந்துவிடுவார் என்று அஞ்சப்பட்ட அந்நிலையில், கட்டி உடைந்து கரையத் தொடங்கியது. இரண்டு வாரங்களில் கழுத்துக் கட்டி மறைந்தது. சோலா அதன் பின்னர் எட்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார்.

ஆனால் இவ்வழி ஆபத்தானது என்பதும் விரைவிலேயே வெளிப்பட்டது. சிலருக்குக் கிருமியை ஏற்றினாலும் காய்ச்சல் வரவில்லை. வேறு சிலரில் தொற்று கட்டுமீறியது. இரு நோயாளர்கள் தொற்றினாலேயே மாண்டனர். குணப்படுத்த வந்த மருந்தே கொன்றுவிட்ட இந்த நிகழ்வுகளை எண்ணிக் கோலி தமது முறையை மாற்றினார். வெப்பத்தினால் கொல்லப்பட்ட ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமியுடன், இன்று செராஷியா என்று அழைக்கப்படும் மற்றொரு கிருமியையும் கொன்று கலந்து ஒரு மருந்தைத் தயாரித்தார். உயிரற்ற கிருமி பெருகாது. ஆயினும் உடல் அதனைப் பகையாகக் கருதிக் காய்ச்சலுடன் எழுந்து நிற்கும். 'கோலியின் நச்சுப் பதார்த்தம்' என்ற பெயர் பெற்ற இம்மருந்து, 1893 ஜனவரியில் வயிற்றில் பெருங்கட்டியுடன் படுத்த படுக்கையாயிருந்த ஜோன் பிக்கன் என்ற இளைஞருக்கு முதன்முதலாக ஏற்றப்பட்டது. ஊசி ஏற்றப்படும்போதெல்லாம் நடுக்கமும் காய்ச்சலும் ஏற்பட, கட்டி படிப்படியாகச் சுருங்கியது. குணமடைந்த அவர் 26 ஆண்டுகள் கழித்து மாரடைப்பினாலேயே இறந்தார்.

இதன் பின்னர் நான்கு தசாப்தங்களாகக் கோலி இச்சிகிச்சையைத் தொடர்ந்தார். 1899 இல் பார்க்-டேவிஸ் என்ற மருந்து நிறுவனம் இதனை உற்பத்தி செய்யத் தொடங்கியது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வேறு வைத்தியர்களும் இதனைப் பயன்படுத்தினர். சிலர் வியக்கத்தக்க பலனைக் கண்டனர். பலர் எதையும் காணவில்லை. மருத்துவச் சஞ்சிகைகளில் கடுமையான கண்டனங்கள் எழுந்தன.

இங்குதான் கோலியின் வரலாற்றை நிதானத்துடன் நோக்கவேண்டியுள்ளது. அறிவாளி ஒருவரைப் பொறாமைக்காரர்கள் வீழ்த்திவிட்டனர் என்று கூறிவிடுவது எளிது; அது முழு உண்மையாகாது. கோலியின் முறையில் பாரதூரமான குறைபாடுகள் இருந்தன. மருந்து பல்வேறு காலங்களில் பல்வேறு விதமாகத் தயாரிக்கப்பட்டது. சில தயாரிப்புகள் வீரியமற்றவை. எவ்வளவு, எங்கே, எத்தனை நாள் ஏற்றுவது என்பதற்கு ஒரே ஒழுங்கு இருக்கவில்லை. சிகிச்சை பெற்றோரையும் பெறாதோரையும் ஒப்பிட்டு நோக்கும் ஆய்வு எதுவும் நடத்தப்படவில்லை. மருந்து ஏன் வேலை செய்கிறது என்பதற்கும் அவரிடம் சரியான விளக்கமில்லை. புற்றுநோயே ஒரு கிருமியினால் உண்டாகிறது என அவர் நம்பினார்; அந்நம்பிக்கை பொதுவாகத் தவறானது. நிர்ப்பீடனத் தொகுதி இயங்கும் விதம் அன்று எவருக்கும் சரிவரத் தெரிந்திருக்கவில்லை.

மறுபுறத்தில், கதிர்ச்சிகிச்சை மருத்துவ உலகை ஆட்கொண்டிருந்தது. கோலி பணியாற்றிய மெமோரியல் வைத்தியசாலைக்குச் சுரங்கத் தொழிலதிபரான ஜேம்ஸ் டக்ளஸ் பெருநிதியையும் ரேடியத்தையும் வழங்கினார். அங்கு செல்வாக்குப் பெற்ற புகழ்பூத்த நோயியல் நிபுணர் ஜேம்ஸ் யூயிங், ரேடியத்திலேயே நம்பிக்கை வைத்திருந்தார். கோலியினால் குணமானவர்களாகக் கூறப்படும் பலருக்கு உண்மையில் சார்க்கோமாவே இருக்கவில்லை என்பது அவரது வாதம். கோலியும் எக்ஸ் கதிரை ஆரம்பத்திலேயே பயன்படுத்திப் பார்த்தவர்தான். ஆயினும் கதிர் பட்ட இடத்தில் மட்டுமே பலன் தருகிறது, பரவிய நோயை அது தொடுவதில்லை என்பதை அவர் கண்டிருந்தார். அவரது வாதம் எடுபடவில்லை. கதிரின் அளவைக் கணக்கிடலாம். விளைவை முன்கூட்டியே ஓரளவு கூறலாம். காய்ச்சலின் விளைவை எவராலும் முன்கூட்டிக் கூற இயலவில்லை. 1936 ஏப்ரல் 16 ஆம் திகதி தமது 74 ஆவது வயதில் கோலி காலமானபோது, அவரது சிகிச்சையும் பெரும்பாலும் அவருடன் மறைந்துவிட்டதாகவே கருதப்பட்டது.

அதனை மறையவிடாமல் காத்தவர் அவரது மகள் ஹெலன் கோலி நௌட்ஸ். மருத்துவக் கல்வியோ பல்கலைக்கழகப் பட்டமோ அவரிடம் இருக்கவில்லை. தந்தையின் வரலாற்றை எழுத விரும்பி, அவர் விட்டுச்சென்ற ஆயிரக்கணக்கான கடிதங்களையும் நோயாளர் குறிப்புகளையும் படிக்கத் தொடங்கினார். அவை ஒரு மனிதரின் வரலாற்றுக்கும் அப்பாற்பட்டவை என்பதைக் கண்டுகொண்ட அவர், சுமார் ஆயிரம் நோயாளர்களின் விபரங்களைப் பல ஆண்டுகளாகத் திரட்டி ஒழுங்குபடுத்தினார். மருத்துவ உலகின் பெரியவர்கள் பலர் அவரைப் பொருட்படுத்தவில்லை. எனினும் மனந்தளராத அவர், 1953 இல் நெல்சன் ரொக்பெல்லர் வழங்கிய 2000 டொலர் உதவியுடன் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவகத்தை நியூயோர்க்கில் தோற்றுவித்தார். நிர்ப்பீடனச் சிகிச்சை ஆய்வுக்கெனவே அமைந்த அந்நிறுவகம் இன்றும் இயங்கி வருகின்றது. 2001 இல் அவர் மறைந்தார்.

அந்நிறுவகத்தின் விஞ்ஞானப் பணியை நீண்டகாலம் வழிநடத்திய லொயிட் ஓல்ட், காசநோய்த் தடுப்பு மருந்தான பீ.சீ.ஜீ. எலிகளில் புற்றுக்கட்டியின் வளர்ச்சியைத் தடுப்பதை 1959 இல் தமது சகாக்களுடன் எடுத்துக்காட்டினார். 1975 இல், பக்ரீரியாவின் நச்சுப்பொருள் தூண்டும்போது உடல் தானே சுரக்கும், கட்டிகளைச் சிதைக்கவல்ல புரதமொன்று அவரது குழுவினரால் கண்டறியப்பட்டது. கோலி கண்ணால் கண்டும் விளக்க முடியாதிருந்ததன் ஒரு பகுதி அப்போதே விளங்கத் தொடங்கியது. 1976 இல் கனடாவில் அல்வாரோ மொராலெஸ் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குப் பீ.சீ.ஜீ. மருந்தைப் பயன்படுத்திப் பெற்ற பலனை வெளியிட்டார். இன்றும் அந்நோயின் ஆரம்ப நிலைக்கு அது முக்கிய சிகிச்சையாக விளங்குகிறது. நமது நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஏற்றப்பட்டு, நம்மில் பெரும்பாலானோரின் புயத்தில் தழும்பை விட்டுச்சென்ற அதே பீ.சீ.ஜீ. தான் அது என்பது குறிப்பிடத்தக்கது.

நோபல் பரிசு பெற்ற இருவரும் கண்டறிந்தது வேறொரு நுட்பமாகும். நிர்ப்பீடனக் கலங்களில் அவற்றின் வேகத்தைத் தணிக்கும் தடுப்புகள் உள்ளன. உடல் தன்னையே தாக்கிக்கொள்ளாதிருப்பதற்கான ஏற்பாடு அது. புற்றுநோய் அத்தடுப்பின் மறைவிலேயே தப்பிப் பிழைக்கிறது. அத்தடுப்பை விலக்கும் மருந்துகள் 2011 முதல் அமெரிக்காவில் அங்கீகரிக்கப்பட்டன. பரவிய மெலனோமா என்ற தோல் புற்றுநோய் கண்டு மாதக்கணக்கில் மட்டுமே வாழக்கூடியவர்களாகக் கருதப்பட்டோரில் ஒரு பகுதியினர் பல ஆண்டுகள் வாழ்கின்றனர். 2015 இல் அந்நோய் மூளைக்கும் பரவியிருந்த நிலையில் இத்தகைய மருந்தையும் கதிர்ச்சிகிச்சையையும் பெற்ற முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர், 2024 இல் 100 வயதிலேயே காலமானார்.

எனினும் இம்மருந்துகள் அனைவருக்கும் பலன் தருவதில்லை. நோயாளரில் கணிசமானோரிடம் இவை எவ்வித மாற்றத்தையும் ஏற்படுத்துவதில்லை. தூண்டப்பட்ட நிர்ப்பீடனம் சில வேளைகளில் குடல், நுரையீரல், சுரப்பிகள் போன்ற நல்ல உறுப்புகளையும் தாக்கிவிடுகிறது. விலையோ சாதாரண குடும்பங்களின் சக்திக்கு அப்பாற்பட்டது. இந்நிலையில், கோலியின் பெயரைச் சொல்லி நிரூபிக்கப்படாத சிகிச்சைகளை விற்போரும் உலகின் சில பகுதிகளில் உள்ளனர். கைவிடப்பட்டவர் பிழைத்தெழுந்தார் என்ற ஒற்றைக் கதையே அவர்களின் மூலதனம். நோயுற்றவரின் குடும்பம் அத்தகைய கதையை நம்பிக் காணியையும் நகையையும் இழப்பது நாம் காணாததல்ல.

கோலியும் அத்தகைய ஒரு கதையிலிருந்தே தொடங்கினார். ஆனால் அவர் பிழைத்தவரைத் தேடிச்சென்று பார்த்தார். பலன் கிடைத்ததையும் கிடைக்காததையும், தமது மருந்தினால் நேர்ந்த மரணங்களையும் எழுதி வைத்தார். அந்த நேர்மை இருந்தமையாலேயே மகளால் அக்குறிப்புகளைத் திரட்ட முடிந்தது. பின்வந்த விஞ்ஞானிகளால் அவற்றிலிருந்து உண்மையைப் பிரித்தெடுக்க முடிந்தது. அவரது காலத்தில் முறையான ஆய்வு நடைபெற்றிருப்பின், இந்த அறிவு பல தசாப்தங்களுக்கு முன்னரே மனித குலத்துக்குக் கிட்டியிருக்கலாம். அவர் செய்யத் தவறிய ஒப்பீட்டு ஆய்வும், எதிராளிகள் தேடிப்பார்க்க மறுத்த உண்மையும் சேர்ந்தே அத்தாமதத்தை உண்டாக்கின. புதிய சிகிச்சை ஒன்றைப் பற்றிக் கேள்விப்படும்போது அதனை உடனே நம்பிவிடுவதும் உடனே எள்ளி நகையாடுவதும் ஒரே அளவில் தீங்கானவை என்பதையே வில்லியம் கோலியின் வாழ்க்கை நமக்கு உணர்த்தி நிற்கிறது.