பாட்டாளி வீட்டுப் பிள்ளைகளும் மாண்டிசோரி அம்மையாரும்

மாண்டிசோரி பள்ளி என்ற பெயர்ப்பலகையைக் கண்டால், தோழர்களே, நமக்கு என்ன தோன்றுகிறது? காலிலே பூட்சு, கழுத்திலே டை, வாசலிலே கார்! இது நம் வீட்டுப் பிள்ளைக்கு ஏற்ற இடமல்ல என்று ஒதுங்கிப் போகிறோம். அந்தப் பெயருக்கு உரிய அம்மையார் முதலில் பள்ளி திறந்தது யாருக்காக என்று தெரிந்தால் ஒதுங்கமாட்டோம்.

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31-இல் இத்தாலியில் பிறந்தவர். பெண்ணுக்கு மருத்துவப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம் அது. கேட்டவர்கள் கேட்டுக்கொண்டே இருக்க, 1896-இல் ரோம் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். மூளை வளர்ச்சி குன்றியவர்கள் என்று மனநோய் விடுதிகளில் தள்ளப்பட்டுக் கிடந்த பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்றுத் தந்தார். அவர்களில் சிலர் மற்றப் பிள்ளைகளோடு தேர்வு எழுதித் தேறினர். ஊர் வியந்தது. அம்மையாரோ வருந்தினார். இவர்களே தேறுகிறார்கள் என்றால், நல்ல மூளையுள்ள பிள்ளைகளைப் பள்ளிகள் எவ்வளவு கீழே அமுக்கி வைத்திருக்கின்றன!

அதை மெய்ப்பித்துக் காட்ட வாய்த்த இடம், ரோம் நகரத்துச் சான் லொரென்சோ. கூலி வேலை செய்வோர் குடியிருப்பு. தாயும் தகப்பனும் வேலைக்குப் போய்விட, பள்ளி வயது ஆகாத பிள்ளைகள் மாடிப்படிகளில் திரிந்தனர், சுவர்களில் கிறுக்கினர். கட்டிடக் கம்பெனிக்குப் பிள்ளைகள் மீது கருணையா பிறந்தது? சுவர் கெடுகிறதே என்ற கவலை பிறந்தது! ஓர் அறையை ஒதுக்கி, அம்மையாரை அழைத்தார்கள். 1907 ஜனவரி 6-இல், ஏறக்குறைய ஐம்பது பிள்ளைகளோடு பள்ளி தொடங்கிற்று.

எழுத்துக் கற்பிக்கும் எண்ணம் அவருக்கு முதலில் இல்லை. கேட்டவர்கள் தாய்மார்கள், எழுத்தறியாத தாய்மார்கள்! தச்சர்கள் மரம் தேய்க்கும் உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டினார். பிள்ளை அதை விரலால் தடவிக்கொண்டே ஒலியைச் சொல்லும். திண்ணைப் பள்ளியில் மணலிலே விரல் தேய எழுதியவர்கள் பரம்பரையில் வந்த நமக்கு இது புரியாததா? டிசம்பரில் ஒரு நாள், மொட்டை மாடியில், ஐந்து வயதுச் சிறுவனிடம் புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்தான். வரைந்தவன் அதோடு நிற்கவில்லை. சுண்ணக்கட்டியால் கை என்று எழுதினான், கூரை என்று எழுதினான், எனக்கு எழுதத் தெரிந்துவிட்டது என்று கூவினான். மற்றவர்களையும் அது தொற்றிக்கொண்டது. சுவரைக் காக்கத் திறந்த பள்ளியின் பிள்ளைகள், தரையிலும் எழுதினர், ரொட்டியின் மேலோட்டிலும் எழுதினர்!

இன்னொரு நாள், மூக்கைச் சிந்தித் துடைப்பது எப்படி என்று பாடம் நடத்தினார். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார், கை தட்டினார்கள். மூக்கொழுகி என்று ஏசியவர்கள் பலர். எப்படித் துடைப்பது என்று மதித்துச் சொல்லிக்கொடுத்தவர் அதுவரை யாருமில்லை. அவரது முறையில் ஒவ்வொரு கருவியும் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். ஒருவன் முடித்து அதன் இடத்தில் வைக்கும்வரை மற்றவன் காத்திருப்பான். பிரம்பு கிடையாது. பரிசும் கிடையாது.

மறைப்பானேன்? முசோலினியின் ஆதரவை அம்மையார் பத்தாண்டுகள் ஏற்றிருந்தார். கறைதான். சர்வாதிகாரத்தின் கை பள்ளிக்குள் நீண்டபோது உறவு முறிந்தது. 1934-இல் அவருடைய பள்ளிகள் இத்தாலியில் மூடப்பட்டன.

1939-இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்தார். ஓலைக் கொட்டகைகளில் சுமார் முந்நூறு பேருக்குப் பயிற்சி அளித்தார். 1940-இல் இத்தாலி போரில் இறங்கியது. பகை நாட்டவர் என்று ஆங்கில ஆட்சி, அம்மையாரை அடையாற்றுக்குள்ளேயே நிறுத்தியது. மகன் மரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தது. எழுபதாம் பிறந்த நாளுக்குப் பரிசாக மகனைத் திருப்பித் தந்தது. 1946 வரை இந்நாட்டிலேயே இருந்து ஆசிரியர்களைப் பயிற்றினார். 1952 மே 6-இல், ஆலந்து நாட்டின் நூர்ட்விக் என்ற கடற்கரை ஊரில் காலமானார்.