பெரிய கோயில் கல்வெட்டைப் படமெடுத்த கேப்டன்

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைத் தேடிச் சேகரிப்போர் பல நாடுகளிலும் உண்டு. அவர்கள் பெரிதும் மதிக்கும் படங்களில் நம் தஞ்சை, மதுரை, ஸ்ரீரங்கம் கோயில்களும் இருக்கின்றன. 1858-ல் அவற்றை எடுத்தவர் லினேயஸ் டிரைப் என்ற பட்டாளத்துக் கேப்டன். அந்நாளில் சித்தூரும் திருப்பதியும் வட ஆற்காடு மாவட்டத்தில், சென்னை ராஜதானிக்குள் இருந்தன. அந்த ராஜதானியின் முதல் சர்க்கார் புகைப்படக்காரர் அவரே.

டிரைப் 1822-ல் இங்கிலாந்தில் டெவன்போர்ட் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். இளம் வயதிலேயே கும்பினியின் சென்னைப் பட்டாளத்தில் சேர்ந்தார். விடுப்பில் தாயகம் சென்றிருந்தபோது புகைப்படக் கலையைப் பழகிக்கொண்டார். 1854-ல் திரும்பியதும் பேலூர், ஹளேபீடு கோயில்களைப் படமெடுத்தார். மறு ஆண்டு சென்னையில் நடந்த பொருட்காட்சியில் அப்படங்களுக்குப் பரிசு கிடைத்தது.

பர்மாப் பயணம்

1855-ல் பர்மா மன்னரிடம் சென்ற தூதுக் குழுவுடன் டிரைப்பும் அனுப்பப்பட்டார். மழையும் மேகமூட்டமும் வேலையைக் கெடுத்தன. ஆயினும் எடுத்தவற்றில் 120 படங்களைத் தேர்ந்தெடுத்து, பெங்களூரில் 50 தொகுதிகள் தயாரித்தார். அதாவது 6,000 பிரிண்டுகள்!

இன்றுபோல் ஒரு நொடியில் முடிகிற காரியமல்ல அது. மெழுகேற்றிய காகிதமே அன்று அவருக்கு நெகடிவ். படம் பதிய நிமிடக் கணக்கில் ஆகும். நடமாடுகிறவர்கள் படத்தில் விழமாட்டார்கள். அதனால்தான் அவருடைய படங்களில் கோயில் வீதிகள் வெறிச்சோடித் தெரிகின்றன. பிறகு நெகடிவை மருந்து பூசிய காகிதத்தோடு சேர்த்து வெயிலில் வைக்க வேண்டும். ஒவ்வொரு பிரிண்டுக்கும் தனித்தனியே இதைச் செய்தாக வேண்டும்.

தென்னாட்டுச் சுற்று

1857 டிசம்பரில், மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு பெங்களூரிலிருந்து புறப்பட்டார். வடக்கே சிப்பாய்க் கலகம் இன்னும் அடங்காத நேரம். ராயக்கோட்டை, திருச்சி, ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை, திருவையாறு என்று சில மாதங்கள் சுற்றினார்.

மதுரையில் திருமலை நாயக்கர் மகாலைச் சிதைந்து கிடந்த கோலத்திலேயே படமெடுத்தார். 1866-ல் கவர்னராக வந்த நேப்பியர் பிரபு அதைப் பழுது பார்க்கச் செய்தார். அதற்கு முன் மகால் எப்படி இருந்தது என்பதற்கு டிரைப்பின் படங்களே சாட்சி.

தஞ்சையில் செய்ததுதான் பெரிய சாதனை. பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை வரிசையாகப் படமெடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி, சுமார் 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார்.

ஆந்திராவுக்கும் அவர் செய்த தொண்டு உண்டு. அமராவதி ஸ்தூபியின் சிற்பங்கள் அப்போது சென்னை மியூசியத்தில் இருந்தன. 1858-ல் அவற்றைப் படமெடுத்தார். அடுத்த ஆண்டே அவற்றில் பல லண்டனுக்குக் கப்பலேறின. இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளன.

வேலை போயிற்று

ஊர்வாரியாகத் தொகுத்த இப்படங்கள் 70 பிரதிகளே தயாராயின. 1859-ல் சென்னைக்குக் கவர்னராக வந்தவர் சர் சார்லஸ் டிரெவிலியன். கலகத்துக்குப் பின் கஜானா காலி. சிக்கன நடவடிக்கையில், புகைப்பட வேலை வீண் ஆடம்பரம் என்று அவர் நிறுத்திவிட்டார். டிரைப் மீண்டும் பட்டாள வேலைக்கே போனார். பிறகு காமிராவை அநேகமாகத் தொடவில்லை. 1870-களில் தாயகம் திரும்பி, 1902-ல் டெவன்போர்டில் காலமானார். அவர் படமெடுத்து உழைத்த காலம் பத்தாண்டுகூட இல்லை.

2014, 2015-ம் ஆண்டுகளில் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் நகரங்களின் பெரிய மியூசியங்கள் அவர் படங்களுக்கென்றே கண்காட்சி நடத்தின. இத்தகைய பழைய படங்களில் அசல் எது, அச்சில் வந்த நகல் எது என்று அறிய எளிய வழி உண்டு. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அச்சுப் படத்தில் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். வெயிலில் எடுத்த அசல் பிரிண்டில் அவை இரா. வீட்டுப் பரணில் தாத்தா காலத்துப் படம் கிடந்தால், பழைய காகிதக்காரருக்குப் போடுமுன் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.