கங்காரு வாலில் ஒரு கயிறு!

குட்டீஸ், உங்கள் இனிஷியல் என்ன? பெரும்பாலும் அப்பா பெயரின் முதல் எழுத்தாகத்தான் இருக்கும். அந்தக் காலத்தில் சொந்த ஊரின் பெயரையும் முன்னால் சேர்த்துக்கொள்வார்கள். திருநெல்வேலிக்குப் பக்கத்தில், தாமிரபரணித் தண்ணீர் பாயும் வயல்களுக்கு நடுவே கோபாலசமுத்திரம் என்று ஓர் ஊர் இருக்கிறது. விஞ்ஞானி ஜி.என்.ராமச்சந்திரனின் பெயரில் இருக்கும் 'ஜி' இந்த ஊர்தான்!

'என்' அவருடைய அப்பா நாராயண ஐயர். எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். அதனால் ராமச்சந்திரன் பிறந்ததும் எர்ணாகுளத்தில்தான்; 1922 அக்டோபர் 8-ம் தேதி. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தார். 1942-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின் பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். சேர்ந்தது அதில், மனசு இருந்தது இயற்பியலில்! அங்கே பேராசிரியராக இருந்த சர் சி.வி.ராமன், இந்தப் பையனைத் தன் துறைக்கே இழுத்துக்கொண்டார்.

பிறகு இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியர் தேவைப்பட்டார். முதலில் ராமனைத்தான் கேட்டார்கள். அவர் தன் மாணவரைக் கை காட்டிவிட்டார். முப்பது வயதில் துறைத் தலைவர்!

அந்தச் சமயத்தில் பெர்னல் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி சென்னைக்கு வந்தார். கொலாஜன் என்ற புரதத்தின் வடிவம் இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். நம் தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்து வைத்திருப்பது இந்தக் கொலாஜன்தான். ராமச்சந்திரன் அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போய் மாதிரி கேட்டார். கிடைத்தது என்ன தெரியுமா? கங்காரு வாலில் இருந்து எடுத்த தசைநாண்!

அதன் மீது எக்ஸ்-ரே கதிரைப் பாய்ச்சினால் ஃபிலிமில் வெறும் புள்ளிகள்தான் விழும். வாசலில் வைத்த புள்ளிகளை மட்டும் காட்டி, இது என்ன கோலம் என்று உங்களைக் கேட்டால் எப்படி இருக்கும்? அப்படிப்பட்ட வேலை. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கணக்குப் போட்டுப் போட்டுக் கண்டுபிடித்தார்கள். கொலாஜன் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு! வீட்டில் தேங்காய் நார்க் கயிறு இருந்தால் நுனியைப் பிரித்துப் பாருங்கள், புரி புரியாகப் பிரியும். கிட்டத்தட்ட அதே மாதிரி. டி.என்.ஏ. இரட்டைச் சுருள் என்று வாட்சனும் கிரிக்கும் சொன்னது 1953-ல். மூன்று இழைச் சுருள் பற்றிய கட்டுரை 'நேச்சர்' இதழில் வந்தது 1954-ல்.

ஆனால், சிக்கல் வந்தது. அதே கிரிக், அலெக்சாண்டர் ரிச் என்பவருடன் சேர்ந்து, சென்னைக்காரர்களின் மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று குறை சொன்னார். சொன்னவர் சாதாரண ஆள் இல்லை! நாமாக இருந்தால் சோர்ந்து போயிருப்போம், அல்லது சண்டைக்குப் போயிருப்போம். ராமச்சந்திரன் வேறு மாதிரி யோசித்தார். அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம்? அதை முதலில் அளந்துவிடுவோம் என்று இறங்கினார்.

உங்கள் கையை நீட்டுங்கள். முழங்கை முன்பக்கம் மடங்கும், பின்பக்கம் மடங்காது இல்லையா? புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அப்படித்தான். இரண்டு இடங்களில் திரும்பலாம். சில கோணங்களில் திரும்பினால் அணுக்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். எந்தக் கோணம் சரிப்படும், எது சரிப்படாது என்று சசிசேகரன், சி.ராமகிருஷ்ணன் ஆகியோருடன் சேர்ந்து கணக்கிட்டு, கிராஃப் படமாகப் போட்டார். 1963-ல் வெளியான அதற்குப் பெயரே 'ராமச்சந்திரன் வரைபடம்'.

இன்றைக்கும் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தால், அந்த வரைபடத்தில் வைத்துச் சரி பார்ப்பார்கள். நம் செல்களில் உள்ள டி.என்.ஏ. தினமும் பழுதாகிறது. வெயில்கூட அதைக் கெடுக்கும். மெக்கானிக் போல அதை ரிப்பேர் செய்வதும் புரதங்கள்தான். ரிப்பேர் ஒழுங்காக நடக்காவிட்டால் புற்றுநோய் வரக்கூடும். இந்த ரிப்பேர் வேலையை ஆராய்ந்த லிண்டால், மோட்ரிச், சான்ஜார் மூவருக்கும் 2015-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த மெக்கானிக் புரதங்களின் வடிவத்துக்கும் இதே வரைபடத்தில்தான் சோதனை!

ராமச்சந்திரன் பிறகு பெங்களூர் போய் மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையைத் தொடங்கினார். 1971-ல் லட்சுமிநாராயணனுடன் இன்னொரு வேலை செய்தார். பல பக்கங்களில் இருந்து எடுத்த எக்ஸ்-ரே படங்களைச் சேர்த்து உள்ளே இருப்பதை அறிய, முன்பைவிடச் சுருக்கமான கணக்கு முறை அது. ரொட்டியை வெட்டாமலே உள்ளே ஒவ்வொரு துண்டும் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது போல! பின்னாளில் சி.டி. ஸ்கேன் கருவிகளில் இந்த முறை பரவலாகப் பயன்பட்டது. கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது என்று டாக்டர்கள் பார்ப்பது அந்தக் கருவியில்தானே!

சி.டி. ஸ்கேனுக்கான நோபல் 1979-ல் ஹவுன்ஸ்ஃபீல்டு, கார்மாக் இருவருக்குப் போனது. அவர்கள் தகுதியானவர்கள்தான். ஆனாலும், கொலாஜனுக்கும் வரைபடத்துக்குமாவது ராமச்சந்திரனுக்கு ஒரு நோபல் கொடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1999-ல் படிகவியலின் உயரிய விருதான எவால்ட் பரிசு கிடைத்தது.

அதற்கு முந்தைய வருடமே மனைவி ராஜலட்சுமி இறந்துபோனார். அவரும் நோயில் தளர்ந்திருந்தார். 2001 ஏப்ரல் 7-ம் தேதி சென்னையில் காலமானார். கிண்டியில், அவர் வளர்த்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் படிகவியல் துறையில் மாணவர்கள் இப்போதும் எக்ஸ்-ரே புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.