கல்கியின் பல்லவத் தொடர்ப் புதினங்கள்: பின்கதை முந்திய அமைப்பு

புத்தமங்கலத்தில் 1899-இல் பிறந்த ரா. கிருஷ்ணமூர்த்தி, ஒத்துழையாமை இயக்கத்திற்காகப் பள்ளிப்படிப்பைத் துறந்து 1922-இல் சிறை சென்றவர். 1941-இல் ‘கல்கி’ இதழைத் தொடங்கி, அதில் ‘பார்த்திபன் கனவு’ எழுதினார். அதில் நரசிம்மவர்மர் வாதாபியை வென்றுவிட்ட பேரரசர்; குந்தவியின் தந்தை. அவர்தம் இளமையைக் கூறும் ‘சிவகாமியின் சபதம்’ 1944-இல்தான் தொடங்கிற்று. முன்னூலில் வரும் கபால பைரவரின் ஒற்றைக் கைக்கும் வாதாபிப் போரைக் கூறும் இப்பின்னூலே களம் அமைத்தது. போரின் முடிவை முன்னூல் வாசகர் அறிந்திருந்தமையால், வெற்றி கிட்டுமா என்னும் வினா வலுவிழந்தது. அதற்குத் தந்த விலையே கதைப்பொருளாயிற்று. வாதாபி எரிந்து சபதம் நிறைவேறியும் சிவகாமி நரசிம்மரை அடையவில்லை. காஞ்சி ஏகாம்பரநாதரையே கணவராக வரிக்கிறாள். கல்கி 1954-இல் மறைந்தார். அவருடைய பல்லவப் புதினங்களை எழுதப்பட்ட வரிசையில் கற்பதே அவ்வமைப்பை உணரும் வழி.