ஜோசப் பாக்ஸ்டன்

சர் ஜோசப் பாக்ஸ்டன் (ஆகஸ்டு 3, 1803 – ஜூன் 8, 1865) இங்கிலாந்தைச் சேர்ந்த தோட்டக்கலை வல்லுநரும் கட்டிட வடிவமைப்பாளரும் நாடாளுமன்ற உறுப்பினரும் ஆவார். 1851 ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற பெருங்கண்காட்சிக்காக எழுப்பப்பட்ட, கிரிஸ்டல் பேலஸ் எனப்படும் பளிங்கு மாளிகையை வடிவமைத்தவர் என்றே இவர் பெரிதும் அறியப்படுகிறார். எனினும் இவரது வாழ்நாளின் பெரும்பகுதி வேறொரு பணியிலேயே கழிந்தது. வெப்பமண்டலச் செடிகொடிகளைக் குளிர் மிகுந்த இங்கிலாந்தில் உயிரோடு காத்து, பூக்கச் செய்வதே அப்பணி.

இளமை

பாக்ஸ்டன் பெட்போர்ட்சயரில் உள்ள மில்டன் பிரையன் என்னும் சிற்றூரில் ஓர் எளிய உழவர் குடும்பத்தில் ஏழாவது மகனாகப் பிறந்தார். பதினைந்து வயதளவில் தோட்டச் சிறுவனாக வேலைக்குச் சேர்ந்தார். 1823 இல் சிசிக்கில் இருந்த தோட்டக்கலைக் கழகத்தின் தோட்டத்தில் இடம் பெற்றபோது தமது பிறந்த ஆண்டை 1801 எனக் கூறினார். இதனால் பழைய நூல்கள் சிலவற்றில் இவரது பிறப்பு ஆண்டு தவறாகவே இடம்பெற்றுள்ளது.

சிசிக் தோட்டம் அமைந்திருந்த நிலம் டெவன்சயரின் ஆறாம் கோமகனான வில்லியம் கேவண்டிசுக்கு உரியது. அங்கு அடிக்கடி வந்து சென்ற கோமகன் இவ்விளைஞரின் அறிவைக் கண்டு, 1826 இல் டார்பிசயரில் உள்ள தமது சாட்ஸ்வொர்த் மாளிகையின் தலைமைத் தோட்டக்காரராக இவரை நியமித்தார். அப்போது பாக்ஸ்டனுக்கு வயது 22. மே 9 அன்று விடியுமுன் அங்கு சென்று சேர்ந்தவர், வாயிற்கதவு திறக்கக் காத்திராமல் சுவரேறிக் குதித்துத் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். ஆறு மணிக்கு ஆட்களை வேலையில் அமர்த்தினார். காலை உணவின்போது மாளிகை மேற்பார்வையாளரின் உறவுப் பெண்ணான சாரா பவுனைச் சந்தித்தார். மறு ஆண்டே இருவரும் மணம் புரிந்துகொண்டனர். பாக்ஸ்டன் கோமகனுடன் நெடும்பயணம் சென்ற காலங்களில் சாட்ஸ்வொர்த்தின் நிர்வாகத்தைக் கவனித்தவர் சாராவே. பாக்ஸ்டனின் புகழ் பேசப்படும் இடங்களில் இவரது பங்கு போதிய அளவு குறிப்பிடப்படுவதில்லை.

கண்ணாடி இல்லங்கள்

வெப்பமண்டலச் செடிகளுக்கு டார்பிசயரில் இரண்டு இடர்கள் இருந்தன. ஒன்று குளிர், மற்றொன்று ஒளிக்குறைவு. குளிரை நிலக்கரியாலும் வெந்நீர்க் குழாய்களாலும் போக்கலாம்; ஒளியை அவ்வாறு உண்டாக்க இயலாது. எனவே கூரைக் கண்ணாடிகளைத் தட்டையாகப் பதிக்காமல், மேடும் பள்ளமுமாக மடித்து அமைக்கும் முறையைப் பாக்ஸ்டன் கையாண்டார். காலையிலும் மாலையிலும் சாய்ந்து வரும் கதிர்கள் இம்மடிப்புகளில் ஏறக்குறைய நேராக விழுந்து உள்ளே புகும். இம்முறையை இவருக்கு முன்பே ஜான் லவுடன் என்பவர் முன்மொழிந்திருந்தார். அதனைப் பேரளவில் செயற்படுத்தியது பாக்ஸ்டனின் பணியாகும்.

1836 இல் தொடங்கப்பட்ட பெருங்கண்ணாடி இல்லம் 277 அடி நீளமும் 123 அடி அகலமும் கொண்டது. நிலத்தடியில் இருந்த எட்டுக் கொதிகலன்கள் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நீளக் குழாய்களின் வழியே வெந்நீரைச் செலுத்தின. அரசி விக்டோரியா 1843 இல் இதனுள் குதிரை வண்டியிலேயே சென்று பார்வையிட்டார்.

வாழையும் ஆர்க்கிட்டும்

மொரீசியசிலிருந்து வந்த ஒரு குட்டை வாழையைப் பாக்ஸ்டன் செழுமையான மண், மிகுந்த நீர், இடைவிடாத வெப்பம் ஆகியவற்றைக் கொடுத்து வளர்த்தார். அது 1835 நவம்பரில் பூத்தது. அதன் கனிகளுக்கு மறு ஆண்டு தோட்டக்கலைக் கழகத்தின் பதக்கம் கிடைத்தது. கோமகனின் குடும்பப் பெயரால் அவ்வாழை கேவண்டிசு எனப் பெயர் பெற்றது. இன்று உலக வணிகத்தில் முதலிடம் வகிக்கும் வாழை இப்பெயர் கொண்ட குழுவே. தமிழ்நாட்டில் மோரிஸ் என வழங்கும் பச்சைப்பழமும் இக்குழுவைச் சேர்ந்ததே.

1835 இல் ஜான் கிப்சன் என்னும் தோட்டக்காரர் சாட்ஸ்வொர்த்திலிருந்து இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். அவர் காசி மலைகளில் திரட்டிய ஏராளமான ஆர்க்கிட்டுகளுடன் 1837 இல் திரும்பினார். அக்காலத்தில் ஆர்க்கிட்டுகள் அனைத்தையும் புழுக்கம் மிகுந்த அறையில் அடைத்து வளர்ப்பதே வழக்கம்; அவற்றுள் பெரும்பாலானவை மடிந்தன. மலைச்சாரலில் வளர்பவை குளிர்ந்த காற்றோட்டத்தையே வேண்டுகின்றன என்பதை உணர்ந்த பாக்ஸ்டன், செடியின் பிறப்பிடத்திற்கேற்ப வெப்பநிலையை மாற்றியமைத்தார். தரையை நனைத்துக் காற்றில் ஈரப்பதத்தை நிலைநிறுத்தினார்.

ஆயினும் கிப்சன் பயணத்தின் முதன்மை நோக்கமாயிருந்த பர்மிய மரமான ஆம்கர்ஸ்டியா இவருக்கு ஏமாற்றத்தையே தந்தது. பிரித்தானியாவில் அது முதன்முதலில் பூத்தது சாட்ஸ்வொர்த்தில் அன்று. 1849 இல் ஈலிங் பார்க்கில், லூயிசா லாரன்சு என்னும் பெண்மணியின் கண்ணாடி இல்லத்தில். செடி தேடும் முயற்சி உயிர்களையும் பலிகொண்டது. வட அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு அனுப்பப்பட்ட சாட்ஸ்வொர்த் தோட்டக்காரர்களான ராபர்ட் வாலசும் பீட்டர் பாங்க்சும் 1838 இல் கொலம்பியா ஆற்றில் மூழ்கி இறந்தனர்.

அமேசான் அல்லி

விக்டோரியா அமேசோனிக்கா என்று இன்று வழங்கப்படும் பேரல்லி, தென் அமெரிக்காவின் வெதுவெதுப்பான நீர்நிலைகளுக்கு உரியது. கியூ தாவரவியல் பூங்காவில் முளைத்த நாற்றுகளில் ஒன்றைப் பாக்ஸ்டன் 1849 ஆகஸ்டு 3 அன்று, தமது பிறந்த நாளில், பெற்று வந்தார். அதற்கெனத் தனித் தொட்டி கட்டினார். நீரைச் சுமார் 30 பாகை செல்சியசில் வைத்திருந்தார். தாயகத்து நீரோட்டத்தைப் போன்று நீர் அசைந்துகொண்டே இருக்கச் சிறு சக்கரம் ஒன்றைப் பொருத்தினார். கையளவு இருந்த இலைகள் இரண்டே மாதங்களில் நான்கு அடிக்கு மேல் அகன்றன. தொட்டியை விரிவாக்க வேண்டியதாயிற்று. நவம்பர் தொடக்கத்தில், கதிரொளி குன்றியிருந்த நாட்களில், அது பூத்தது. மாலையில் வெண்ணிறமாக மலரும் இப்பூ மறுநாள் இளஞ்சிவப்பாக மாறும். கியூவில் எஞ்சிய செடி 1850 இலேயே பூத்தது. பாக்ஸ்டன் தம் சிறு மகள் ஆனியை ஓர் இலையின் மீது நிற்க வைத்த காட்சி நாளிதழ்ப் படங்களால் நாடெங்கும் பரவியது.

பளிங்கு மாளிகை

வளர்ந்துகொண்டே இருந்த இவ்வல்லிக்காகப் பாக்ஸ்டன் 1850 இல் தட்டைக்கூரை கொண்ட புதிய இல்லம் ஒன்றைக் கட்டினார். அவ்வாண்டு சூன் 11 அன்று டார்பியில் நடந்த தொடர்வண்டி நிறுவனக் கூட்டமொன்றில் மையொற்றுத் தாளில் இவர் வரைந்த கண்காட்சிக் கட்டிடத்தின் மாதிரி, இவ்வில்லத்தின் பெருவடிவமே. அல்லி இலையின் அடிநரம்புகளே மாளிகையின் அமைப்பைத் தந்தன என்பது புகழ்பெற்ற கதை; இவரே அவ்விலையைச் சொற்பொழிவில் காட்டியுள்ளார். ஆனால் மடிப்புக் கூரையை இவர் அல்லியைக் காண்பதற்குப் பல ஆண்டுகள் முன்னரே பயன்படுத்தி வந்ததால், அக்கதையை முழுமையாக ஏற்பதற்கில்லை. ஹைட் பார்க்கில் நின்ற எல்ம் மரங்கள் வெட்டப்படாமல் மாளிகைக்குள்ளேயே விடப்பட்டன. 1851 இல் அறுபது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அதனைப் பார்வையிட்டனர். அதே ஆண்டு பாக்ஸ்டனுக்கு சர் பட்டம் வழங்கப்பட்டது.

இறுதிக்காலம்

1854 முதல் கவென்ட்ரி தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். 1858 இல் கோமகன் இறந்ததும் சாட்ஸ்வொர்த் பணியிலிருந்து விலகினார். 1865 இல் சிடன்காமில் காலமானார். உடல் சாட்ஸ்வொர்த்தை அடுத்த எடன்சர் சிற்றூரில் அடக்கம் செய்யப்பட்டது.

முதலாம் உலகப்போரின்போது நிலக்கரி கிடைக்காமல் கொதிகலன்கள் அணைந்தன. பெருங்கண்ணாடி இல்லத்தின் செடிகள் பட்டுப்போயின. 1920 இல் அக்கட்டிடம் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பலமுறை வெடிவைத்த பின்னரே அது வீழ்ந்தது. அப்பணியை மேற்கொண்ட பொறியியலாளர் சார்லசு மார்க்கம் பாக்ஸ்டனின் பேரன் ஆவார். சிடன்காமுக்கு மாற்றி அமைக்கப்பட்டிருந்த பளிங்கு மாளிகை 1936 நவம்பர் 30 அன்று தீக்கிரையானது.